நாயோடு கடலுக்கு: ஹவுட் பேயா, ஃபிஷ் ஹுக்கா, நூர்ட்ஹுக்கா?

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மணிக்குப் பதினோரு வயது. லாப்ரடார் கலப்பு. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதால் எழுந்து நிற்கும்போது பின்னங்கால் ஒரு கணம் நடுங்கும். செவலைக்கு மூன்று வயது. காப்பகத்திலிருந்து கொண்டு வந்தோம். கயிற்றை அவிழ்த்தால் போதும், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தூரத்துக்கு ஓடிவிடுவாள். இவர்கள் இருவரோடும் கடலுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஆயாவும் எங்களோடு வருவார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்து, வயதான காலத்தில் மகனோடு இருக்கலாம் என்று கேப் டவுன் ரைலண்ட்ஸுக்கு வந்தவர். பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் தம்பி, அக்கா, மாமா என்ற முறையும் சமையலும் சாமியும் அவருக்குத் தமிழில்தான்.

இந்த ஊருக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு இதையும் கேட்கிறார்கள்: "நாயைக் கூட்டிக்கொண்டு எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?" அதற்கு ஒரே பதில் கிடையாது. ஓடுகிற நாய்க்கு ஒன்று, நடக்கச் சிரமப்படுகிற நாய்க்கு இன்னொன்று. கடலுக்குப் போன கையோடு பக்கத்து ஊரில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும், நாயை யாரும் காரில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்றால் கணக்கே மாறும். வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 டிகிரி ஆகிவிடும். அதனால் மணலிலிருந்து நாயோடு நடந்தே போய்ச் சேர முடியாத ஊரை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

முதலில் ஒரு விஷயம். எல்லாக் கடற்கரையிலும் நாயை விட மாட்டார்கள். சில இடங்களில் முழுத் தடை, சில இடங்களில் குறிப்பிட்ட பகுதி, குறிப்பிட்ட நேரம் மட்டும். மணலில் இறங்கும் படிக்கட்டுப் பக்கத்தில் பலகை இருக்கும். டேபிள் மவுண்டன் தேசியப் பூங்கா எல்லைக்குள் வரும் இடங்களில், ஒதுக்கிய பாதைகளில் மட்டுமே நாயை நடத்தலாம், அதற்கும் தனி அனுமதி அட்டை வேண்டும். கேப் பாயின்ட் இருக்கும் நன்னம்பிக்கை முனைப் பகுதிக்குள் நாயோடு நுழையவே முடியாது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எல்லோரும் அங்கேதான் கிளம்புவோம். நாயையும் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று திரும்பி வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது ஹவுட் பே. மூன்று பக்கமும் மலை, நடுவே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மணல், தட்டையாக, கெட்டியாக இருக்கும். ஊர் மணலை ஒட்டியே இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் காலையிலேயே கூடிவிடுவார்கள். கடலையே பார்த்திராத நாய்க்குட்டியை முதன்முதலாகக் கூட்டிப் போக இதைவிட நல்ல இடம் இல்லை. அலை மெல்ல வரும், தூரம் குறைவு, பயந்துவிட்டால் உடனே திரும்பிவிடலாம். மணி முதன்முதலில் கடலில் கால் வைத்தது இங்கேதான்.

ஆனாலும் நாங்கள் இப்போது அங்கே அடிக்கடி போவதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். டிசா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீர் பல வருடமாக அசுத்தம். நாய்க்கு அது தெரியாது. உப்பில்லாத தண்ணீர் என்று மோப்பம் பிடித்து நேராக அங்கேதான் போய்க் குடிக்கும். இன்னொன்று துறைமுகம். மீன்பிடிப் படகுகள் வரும் இடம் என்பதால் கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும். தமிழில் நாம் கடல்நாய் என்று சொல்கிற அந்த சீல், செவலைக்கு விளையாட ஓர் உறவுக்காரன் மாதிரித் தெரிகிறது போல. 2024 ஜூனில் கேப் டவுன் பக்கத்துக் கடல்நாய்களுக்கு வெறிநோய் இருப்பது உறுதியானது. அதற்குப் பிறகு நான் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. மணலில் ஒரு கடல்நாய் தனியாகக் கிடந்தால், அது செத்துக் கிடந்தாலும் சரி, செவலையைக் கயிற்றில் போட்டு எதிர்ப் பக்கம் திரும்பிவிடுவேன்.

ஊசி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அட்டையைப் பார்த்துத் தேதி சரியாக இருந்தால் மட்டும் கடற்கரைக்குக் கிளம்புங்கள். மனிதரையோ நாயையோ கடல்நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற காயம் இல்லை இது.

அடுத்தது ஃபால்ஸ் பே பக்கம்: ஃபிஷ் ஹுக், கால்க் பே, சைமன்ஸ் டவுன். மனிதர்களுக்கு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். மேற்கே இருக்கும் அட்லாண்டிக் பக்கத்தைவிட இந்தக் கடல் கோடையில், அதாவது டிசம்பர், ஜனவரி வாக்கில், வெதுவெதுப்பாக இருக்கும். 20 டிகிரிக்கு மேலேகூடப் போகும். மேற்குப் பக்கத்தில் கோடையில்தான் தண்ணீர் உறைய வைக்கும். தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வந்துவிடுவதுதான் அதற்குக் காரணம். நம் ஊரில் தெற்கிலிருந்து வருவது தென்றல். இங்கே தென்கிழக்கிலிருந்து வருவது குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்று. மூட்டு தேய்ந்த மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு வரை நின்றாலே வலி குறைகிறது என்பதை அவன் நடையிலேயே பார்க்கலாம்.

ஃபிஷ் ஹுக்கில் நாய்க்காரர்கள் பெரும்பாலும் கிளோவெல்லி பக்கத்து முனையில்தான் கூடுவார்கள். குளிக்கும் கூட்டம் மறு முனையில் இருக்கும். அங்கிருந்து கால்க் பே துறைமுகம் கூப்பிடு தூரம். படகிலிருந்து இறங்கிய ஸ்னூக் மீனை அங்கேயே வெட்டிக் கொடுப்பார்கள். ஆயா அதை வாங்கிப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் மறுநாள்தான் எடுத்து வைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவு ருசி. ஆனால் ஸ்னூக் முள் ஊசி மாதிரி நீளமாக இருக்கும். துறைமுகத்தில் சிந்திக் கிடக்கும் தலையையும் முள்ளையும் நாய் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். தூண்டில் முள்ளும் அப்படித்தான், இரையோடு கிடந்தால் நாய் அப்படியே விழுங்கிவிடும்.

இன்னும் கொஞ்சம் போனால் சைமன்ஸ் டவுன். நாய் வளர்ப்பவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஊர் இது. ஜுபிலி சதுக்கத்தில், கடலைப் பார்த்தபடி, ஒரு கிரேட் டேன் நாயின் வெண்கலச் சிலை இருக்கிறது. பெயர் ஜஸ்ட் நியூசன்ஸ். மாலுமிகளோடு சேர்ந்து ரயிலேறி கேப் டவுன் போய் வருவது அதன் வழக்கம். டிக்கெட் இல்லை என்று ரயில்காரர்கள் இறக்கிவிட, புகார் மேல் புகார். கடைசியில் 1939 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டிஷ் கடற்படை அதை முறைப்படி மாலுமியாகவே சேர்த்துக்கொண்டது. படைவீரன் என்றால் ரயில் பயணம் இலவசம் அல்லவா! 1944 ஏப்ரல் 1-இல் இறந்தபோது படை மரியாதையோடு புதைத்தார்கள். அந்தச் சிலையின் மூக்கை ஆயா ஒவ்வொரு முறையும் தடவிக்கொடுப்பார். செவலை சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, மோப்பம் எதுவும் கிடைக்காமல், என் முகத்தைப் பார்ப்பாள்.

இவ்வளவு சொல்லியும் இந்தப் பக்கத்துக்கு நான் முதல் ஓட்டுப் போடாததற்குக் காரணம் ஒரு காலைப்பொழுது. ஃபிஷ் ஹுக் மணலில், அலை ஒதுக்கிய பாசி வரிசையில், தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு மீன் கிடந்தது. முதுகு கருமை, அதில் வெளிர்ப் புள்ளிகள், வயிறு வெள்ளையாக ஊதியிருந்தது. கண் மட்டும் பச்சைக் கண்ணாடி மணி மாதிரி. இரண்டடி தள்ளி இன்னொன்று. பிறகுதான் பார்த்தேன், வரிசை முழுக்க அதே மீன். பேத்தை மீன். இங்கே பஃபர் என்பார்கள். அதன் உடம்பில் இருக்கும் நஞ்சு சாதாரணமானது இல்லை. நரம்பை மரத்துப் போகச் செய்து, மூச்சுத் தசையை நிறுத்திவிடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நான் நிமிர்ந்து பார்த்தபோது செவலையின் வாயில் ஒன்று இருந்தது.

"விடு" என்று கத்தினால் விளையாட்டு என்று நினைத்து ஓடிவிடுவாள் என்பதால் அப்படியே மணலில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். கடைவாயில் இரண்டு விரலை விட்டுத் தாடையைப் பிரித்தேன். மீன் முழுதாக விழுந்தது, பல் பட்ட தடம் மட்டும் தோலில் இருந்தது. வாயைத் தண்ணீரால் கழுவிக் கழுவித் துடைத்துவிட்டு, நேராக மருத்துவரிடம் போனோம். அன்று இரவு முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆயா எங்கள் வீட்டிலேயே இருந்தார். மாரியம்மன் பாட்டு இரண்டு மெதுவாகப் பாடினார். விடிந்ததும் செவலை எழுந்து, தட்டைக் காலால் தட்டிச் சாப்பாடு கேட்டாள்.

இந்த மீன் ஃபால்ஸ் பே கரையில் சில சமயம் கூட்டமாகச் செத்து ஒதுங்கும். அந்த நாட்களில் நாயைக் கூட்டிப் போகாதீர்கள் என்று நகராட்சியே எச்சரிக்கிறது. எதையும் வாயில் எடுக்காத நாய் என்றால் இந்தப் பக்கம் அருமை. கண்டதையும் கவ்வும் நாய் என்றால் கயிற்றைக் கழற்றக் கூடாது. இல்லையென்றால் கூடை மாதிரியான வாய்மூடி போட்டுவிடுங்கள். அதில் நாய் வாய் திறந்து இளைக்கலாம், எதையும் கவ்வ முடியாது.

சைமன்ஸ் டவுனில் பென்குயின்களும் இருக்கின்றன. போல்டர்ஸ் கடற்கரையில் 1980-களின் தொடக்கத்தில் குடியேறியவை. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. சிக்கல் என்னவென்றால், பென்குயினுக்கு வேலி எல்லை தெரியாது. தெருவிலும் வீட்டுத் தோட்டத்திலும் வந்து நிற்கும். ஆப்பிரிக்கப் பென்குயின் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று 2024-இல் பட்டியலில் மேலேற்றிவிட்டார்கள். அவிழ்த்துவிட்ட நாய் சில நிமிடத்தில் ஒரு கூட்டத்தையே கடித்துப் போட்டுவிடும். இந்த ஊரில் அது நடந்தும் இருக்கிறது. எனவே சைமன்ஸ் டவுன் தெருவில் காரிலிருந்து இறங்கியது முதல் திரும்பக் காரில் ஏறும் வரை கயிறுதான்.

ஸ்கார்பரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அழகான, அமைதியான குட்டி ஊர், ஆனால் பபூன் குரங்குகள் வரும். ஆண் பபூனின் கோரைப்பல்லுக்கு முன்னால் எந்த நாயும் நிற்க முடியாது. செவலை மாதிரித் துரத்துகிற நாய் இருப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

இப்போது நூர்ட்ஹுக். சாப்மன்ஸ் பீக் அடிவாரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல். ஹவுட் பேயிலிருந்து வந்தால் 1922-இல் திறந்த அந்த மலைச் சாலை, 114 வளைவு, கட்டணம் உண்டு, பாறை சரிந்தால் மூடிவிடுவார்கள். ஆயாவுக்கு வளைவுகளில் தலை சுற்றும் என்பதால் நாங்கள் மறுவழியாகப் போகிறோம். மணலின் மறு முனையில் இருக்கும் ஊர்தான் கொம்மிக்கி. எழுத்துக் கூட்டிப் படித்தால் வேறு மாதிரி வரும், ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வது கொம்மிக்கி என்றுதான். சின்னக் கிண்ணம் என்று பொருள். பாறைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி அடங்கிய நீர்ப்பரப்பு ஒன்று அங்கே இருக்கிறது. அதை வைத்து வந்த பெயர்.

பலர் செய்யும் தவறு, நூர்ட்ஹுக் முனையில் காரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்குவது. அந்த முனையில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீருக்குப் போகவே மெத்தென்ற மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். மணியின் பின்னங்கால் புதைந்து புதைந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். முப்பத்திரண்டு கிலோ நாயை நானும் மனைவியும் போர்வையில் கிடத்தித் தூக்கி வந்தோம். கொம்மிக்கி முனையில் அந்தச் சிரமம் இல்லை. ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, கிண்ணத்து நீர் அலையில்லாமல் இருக்கும், வயதான நாய் அங்கே நின்றால் போதும். ஓடுகிறவளை வீட்டில் ஒருவர் நீண்ட மணலில் கூட்டிப் போகலாம், மற்றவர் மணியோடும் ஆயாவோடும் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நாளில் பிடித்தது கிடைப்பது இங்கே மட்டும்தான். என் ஓட்டு கொம்மிக்கிக்கு விழுவதும் அதனால்தான்.

செவலையோடு நடந்தால் மணலுக்கு நடுவே துருப்பிடித்த பெரிய இரும்பு உருளை ஒன்று வரும். 1900-ஆம் ஆண்டு, தன் முதல் பயணத்திலேயே தரை தட்டிய ககாபோ என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன். சாப்மன்ஸ் பீக்கை நன்னம்பிக்கை முனை என்று எண்ணிக் கப்பல் தலைவர் கப்பலைத் திருப்பிவிட்டார் என்று சொல்கிறார்கள். தனியாக அவ்வளவு தூரம் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நடுப்பகுதியில் வழிப்பறி நடந்திருக்கிறது. இரண்டு மூன்று பேராகப் போங்கள். குதிரைச் சவாரி போகிறவர்கள் வந்தால் நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்கும் கெல்ப் பாசியின் தண்டைக் கடிக்கவும் விடாதீர்கள், வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கரையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது ஒரு பறவை. உடம்பு முழுக்கக் கறுப்பு, அலகும் கண்வளையமும் மிளகாய்ப்பழச் சிவப்பு. சிப்பி பிடிப்பான் என்று தமிழில் சொல்லலாம். அலை எட்டாத மணலில் சின்னக் குழி பறித்து, கூடு என்று எதுவும் கட்டாமல், பெரும்பாலும் இரண்டே முட்டை வைக்கும். மணல் நிறம், கரும்புள்ளி, மிதித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கோடையில், நாமெல்லாம் விடுமுறைக்குக் கடற்கரையில் குவியும் அதே மாதங்களில். நாய் முட்டையைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. துரத்தினாலே தாய்ப்பறவை எழுந்து போய்விடும், வெயிலில் முட்டை வெந்துவிடும்.

பறவை கூடு வைக்கும் பகுதி, நாயைக் கயிற்றில் வையுங்கள் என்று ஒரு பலகை பார்த்தோம். ஆயா அதன் முன்னால் நின்று முழுவதையும் வாசித்தார். டர்பனில் அவர் இளவயதில் பார்த்த பலகை வேறு. இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். கடற்கரைகளை எல்லோருக்கும் திறப்பதாக 1989 நவம்பரில்தான் அரசு அறிவித்தது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து வைத்த சட்டமே நீங்கியது மறு வருடம். "தம்பி, அந்தப் பலகை எங்களை வெளியே நிறுத்த வைத்தது. இது இந்தக் குஞ்சுக்காக வைத்தது. கயிற்றைப் போடு" என்றார். போட்டேன்.

எப்போது போவது என்பதையும் யோசிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி வேண்டாம். காற்றில் பறக்கும் மணல் நாயின் கண்ணுக்கு நேராக வரும், பறவைக்கும் அது குஞ்சுக் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. ஏப்ரல், மே நல்ல மாதங்கள். காற்று அடங்கியிருக்கும், மணல் சுடாது, குஞ்சுகள் பெரும்பாலும் பறக்கத் தொடங்கியிருக்கும். நேரத்துக்கு நம் தினசரி நாட்காட்டியே போதும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் நீர் நன்றாக வற்றும். மணல் அகலமாக, ஈரமாக, கெட்டியாக இருக்கும், தேய்ந்த காலுக்கு அதுதான் சுகம். அஷ்டமி வாக்கில் அதே நேரத்தில் நீர் ஏறி நிற்கும், மேட்டு மணலில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு சின்ன நாய், அரை நாள்தான் நேரம் என்றால் ஹவுட் பே போங்கள், ஆற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம். பெரியவர்கள் ஊரையும் பார்க்க வேண்டும், நாய் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றால் ஃபிஷ் ஹுக்கும் சைமன்ஸ் டவுனும். நாங்கள் இந்தச் சித்திரை அமாவாசைக்கு மறுநாள் கொம்மிக்கி போகிறோம். 1919-இல் முதன்முதலாக ஒளியேற்றிய ஸ்லாங்காப் கலங்கரை விளக்கத்துக்குப் பலகைப் பாதையில் செவலையை நான் கூட்டிப் போவேன். ஆயாவின் மடக்கு நாற்காலியும், மணியைத் தூக்க அந்தப் பழைய போர்வையும், ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரும் இப்போதே காரில் ஏற்றியாகிவிட்டது.